அப்பாவோட சென்டிமீட்டர், தம்பியோட கிலோ

பிப்ரவரி 4
அப்பாவோட ஸ்கேன் ரிப்போர்ட் வந்துடுச்சு. லிவர்ல கேன்சர் கட்டி ஒண்ணுதான், 3.8 சென்டிமீட்டர், ரத்தக்குழாய்க்குள்ள போகல, வெளிய எங்கயும் பரவல. வெட்டி எடுத்தா போதாதான்னு அம்மா கேட்டாங்க, மீதி இருக்கறதும் சிரோசிஸ் வந்து தழும்பு தழும்பா கெட்டுப்போன லிவர்தானேம்மா, ஆபரேஷனை அது தாங்காது, தாங்கினாலும் அதுலயே இன்னொண்ணு முளைக்கலாம், முழுசா மாத்தினா கட்டியும் போகும் அது முளைக்கிற இடமும் போகும்னு டாக்டர் சொன்னார். யாருக்கெல்லாம் லிவர் மாத்தலாம்னு இத்தாலில மிலன்ல 1996ல ஒரு கணக்கு போட்டாங்களாம், ஒரே கட்டின்னா 5 சென்டிமீட்டருக்குள்ள, மூணு வரைக்கும் இருந்தா ஒவ்வொண்ணும் 3க்குள்ள. அப்படி பார்த்து மாத்தினவங்கள்ல நாலுல மூணு பேர் நாலு வருஷம் கழிச்சும் உயிரோட இருந்தாங்க. அப்பா அந்தக் கணக்குக்குள்ள இருக்கார். பஸ்ல வர்றப்போ விரலால 5 சென்டிமீட்டர் அளந்து அளந்து பார்த்துட்டே வந்தேன்.

பிப்ரவரி 9
ஃபோன் பண்ற சொந்தக்காரங்க எல்லாரும் முதல்ல கேக்கறது "குடிப்பாரா?"ன்னுதான். எங்கப்பா ஒரு சொட்டு தொட்டதில்ல, இது ஹெப்படைடிஸ் பி வைரஸால வந்தது. எத்தனை வருஷமா சத்தமில்லாம உள்ள இருந்துச்சோ. இதப் படிக்கறவங்க தயவுசெஞ்சு ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிக்கங்க, இல்லைன்னு வந்தா தடுப்பூசி போட்டுக்கங்க, நாங்க வீட்ல எல்லாரும் பண்ணிட்டோம்.

பிப்ரவரி 13
அப்பா ஓ பாசிட்டிவ். நானும் அம்மாவும் பி, அதனால எங்க லிவர்ல ஒரு பகுதிய வெட்டி அப்பாவுக்குக் குடுக்க முடியாது. தம்பி ஓ. ஆனா அவனுக்கு ஃபேட்டி லிவர், 84 கிலோ, எடையக் குறைச்சாதான் எடுப்போம்னுட்டாங்க. மூளைச்சாவு ஆனவங்க உறுப்புகளப் பிரிச்சுக் குடுக்கற தமிழ்நாடு அரசோட டிரான்ஸ்டான் லிஸ்ட்லயும் பதிஞ்சிருக்கோம், எப்போ கூப்பிடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்.

பிப்ரவரி 24
காத்திருக்கற நேரத்துல கட்டி வளரக்கூடாதுன்னு அப்பாவுக்கு டேஸ்னு ஒரு சிகிச்சை பண்ணாங்க. தொடை ரத்தக்குழாய் வழியா மெல்லிசான டியூப் விட்டு, கட்டிக்குள்ளயே கீமோ மருந்த குடுத்து, அதுக்குப் போற ரத்தத்த அடைச்சுடறாங்க. ராத்திரி காய்ச்சல், வாந்தி. தம்பி விடிகாலை அஞ்சு மணிக்கு மெரினால நடக்கறான், ராத்திரி வெறும் சுண்டலும் வெள்ளரிக்காயும். கேலண்டர்ல ஒரு பக்கம் அப்பாவோட சென்டிமீட்டர், இன்னொரு பக்கம் இவன் கிலோன்னு அம்மா எழுதி வெக்கறாங்க.

மார்ச் 30
76 கிலோ! கொழுப்பு இறங்கிடுச்சு. அப்பாவுக்கு 3.6தான். உறுப்பு தானத்துக்கு அனுமதி குடுக்கற கமிட்டில தம்பிய தனியா உக்கார வெச்சு யாராவது கட்டாயப்படுத்தினாங்களான்னு வீடியோ எடுத்துட்டே கேட்டாங்களாம். எங்கப்பாவுக்கு நான் குடுக்காம யார் சார் குடுப்பான்னு கேட்டிருக்கான். எழுதறப்பவே கண்ணு கலங்குது.

ஏப்ரல் 9
நேத்து காலைல ஆறு மணிக்கு ரெண்டு பேரையும் உள்ள கொண்டு போனாங்க. தம்பியோட வலது பக்க லிவர், பாதிக்கும் மேல. மூணு மாசத்துக்குள்ள பெரும்பாலும் வளர்ந்துடும்னாங்க, அந்த ஒரு வார்த்தையப் பிடிச்சுட்டுதான் அம்மா வெளிய உக்காந்திருந்தாங்க. அவன் சாயங்காலம் வெளிய வந்தான், அப்பா ராத்திரி பத்தரைக்கு.

ஏப்ரல் 15
எடுத்த பழைய லிவரோட பயாப்ஸி வந்துடுச்சு. ஒரே கட்டி, ரத்தக்குழாய்ல எதுவும் இல்ல. புது லிவர உடம்பு ஒதுக்கிடாம இருக்க இனிமே டாக்ரோலிமஸ் மாத்திரை ஆயுசுக்கும் காலைலயும் ராத்திரியும், அலாரம் வெச்சாச்சு. ரெண்டு பேருக்கும் மூச்சுப் பயிற்சிக்கு மூணு பந்து இருக்கற அந்த பிளாஸ்டிக் டப்பா குடுத்திருக்காங்க. ஐசியூல இருந்து நர்ஸ் வீடியோ கால் போட்டாங்க, அப்பாவுக்கு இன்னும் குரல் சரியா வரல, டப்பாவத் தூக்கிக் காட்டி எத்தனைன்னு கையால கேட்டார். தம்பி ரெண்டு விரல் காட்டினான். அப்பா ஒண்ணு.