முக்காடே முடியாகும்போது

கதையிலோ படத்திலோ வரும் கதாபாத்திரம் மாதிரியே உடுத்தி வேடம் போடுகிற காஸ்ப்ளே பற்றிப் பேச்செடுத்தாலே, "அது ஜப்பான்காரங்க சமாச்சாரம், அதைப் போய் எதுக்குக் காப்பியடிக்கிறே" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஜப்பானுக்கே அது வெளியிலிருந்து போனதுதானே? 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு மர்டில் டக்ளஸ் என்ற பெண் எதிர்காலத்து உடை ஒன்றைத் தானே தைத்துப் போட்டுக்கொண்டு போனார், கூட வந்த ஃபாரஸ்ட் அக்கர்மனுக்கும் அவர்தான் தைத்துக் கொடுத்தார். காஸ்ட்யூம், ப்ளே இரண்டையும் ஒட்டி 'கொசுபுரே' என்று ஜப்பானியப் பத்திரிகையில் நொபுயுகி தகஹாஷி எழுதியது 1980களில்தான்.

சரி, அங்கிருந்து அது போன இடங்களைப் பாருங்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது மலேசிய, இந்தோனேசியப் பெண்கள் செய்வது. ஹிஜாப் அணியும் பலர் விக் வைப்பதில்லை. கதாபாத்திரத்தின் முடி நீலமென்றால் நீலத் துணியை எடுத்து, நெற்றியில் விழும் கற்றை, இரண்டு பக்கமும் தொங்கும் சடை எல்லாவற்றையும் மடிப்பிலேயே கொண்டுவந்துவிடுகிறார்கள். முதல்முறை படத்தில் பார்த்தபோது அது துணி என்றே எனக்குத் தெரியவில்லை. இதைக் காப்பி என்று எப்படிச் சொல்வது? அவர்கள் தினமும் தலையில் சுற்றுகிற துணியிலிருந்து பிறந்த வித்தை அது.

ஜப்பானின் நகோயா நகரத்திலேயே 2003 முதல் உலக காஸ்ப்ளே உச்சி மாநாடு நடக்கிறது. 2005இல் போட்டி தொடங்கியபோது முதல் பட்டமே இத்தாலிக்குத்தான் போனது, அப்புறம் பிரேசில் மூன்று முறை, 2016இல் இந்தோனேசியா.

கடையில் வாங்கி மாட்டிக்கொள்வதும் காஸ்ப்ளேதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ஊரில் இது வேர்பிடிப்பது தையல் மெஷினில்தான் என்று நினைக்கிறேன். குழந்தைகளுக்குத் தரையில் விரிக்கிற ஃபோம் பாயை வெட்டி, சூடான காற்றை ஊதுகிற ஹீட் கன்னால் சூடுகாட்டி வளைத்து, பசை காயும்வரை கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்து ஒரு தோள்கவசம் செய்தேன். அதைப் போட்டுக்கொண்டு போன அன்று, பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி என் பெயரைக்கூடக் கேட்காமல் நேராக வந்து, "அக்கா, இந்த விளிம்பை எப்படி மழமழன்னு கொண்டுவந்தீங்க?" என்றாள். பையிலிருந்த உப்புத்தாளை எடுத்துக் காட்டினேன். அப்புறம் ஒரு மணிநேரம் தரையில் உட்கார்ந்து அதைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தோம்.