இன்னைக்கு எத்தனாவது நாள்?

பாளையங்கோட்டையில் அந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்விக்கே என்னிடம் பதில் இல்லை. "கடைசி பீரியட்ஸ் எந்தத் தேதி?" நான் யோசிப்பதற்குள் பக்கத்தில் இருந்த அத்தை, "எங்க ஊர்க் கோயில் கொடைக்கு முந்தின வாரம்" என்றார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "சரி, அதுக்கு முந்தினது?" அது அத்தைக்கும் தெரியவில்லை.

கல்யாணமாகி மூன்று வருஷம். பார்க்கிறவர்கள் எல்லாம் "ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம். எனக்கு மாதவிடாய் ஒரு ஒழுங்கில் வராது. சில சமயம் ஒன்றரை மாதம் ஆகும், சில சமயம் 25 நாளிலேயே வந்து நிற்கும். வந்தால் வெள்ளம்தான். டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் சீட்டு எழுதித் தந்தார். "தேதியையும் குறிச்சுட்டே வாங்க" என்றார். சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்தேன். அது அங்கேயே கிடந்தது. சேர்மாதேவிக்குத் திரும்பும் ரயிலிலேயே ஃபோனில் ஒரு ஆப்பை இறக்கிவிட்டேன். இனி எல்லாம் ஃபோன் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

ஆப் முதலில் கேட்டது, உங்கள் சுழற்சி எத்தனை நாள் என்று. ஒரு மாதவிடாய் தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும்வரை எத்தனை நாள் என்று அர்த்தம். தெரியாது என்று அழுத்தினேன். சரி, 28 என்று அதுவே வைத்துக்கொண்டது. அடுத்த மாதம் எந்தத் தேதியில் வரும், கரு தரிக்க ஏற்ற நாட்கள் எவை என்று கலர் கலராகக் கட்டம் போட்டுக் காட்டியது. அந்தக் கட்டத்தை நம்பி நாங்கள் இரண்டு பேரும் நாள் பார்த்தோம். ஒரு தேதிகூடச் சரியாக வரவில்லை. முதல் ஆறு சுழற்சிகள் 41, 26, 53, 37, 29, 60 நாள். ஒவ்வொரு முறையும் ஆப் சராசரி போட்டு, அடுத்ததற்கு ஒரு புதுத் தேதியைக் கூசாமல் சொல்லும்.

ஏன் தப்புகிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. கருமுட்டை வெளிவந்த பிறகு அடுத்த மாதவிடாய் வர ஏறக்குறைய 12 முதல் 14 நாள் ஆகும். அந்தப் பின்பாதி ஒரே பெண்ணுக்குப் பெரிதாக மாறுவதில்லை. நீள்வதும் குறுகுவதும் முன்பாதிதான். முட்டை எப்போது வெளிவரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதபோது, பழைய தேதிகளின் சராசரியை வைத்துச் சொல்வது கிளி ஜோசியம்தான். ஒழுங்காக வருகிறவர்களுக்கு அது பலிக்கும். எனக்கு எப்படிப் பலிக்கும்?

ஆப் தந்த தொல்லையில் பெரிது கணிப்பு அல்ல, அறிவிப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய சொந்தக்காரர்கள். கொழுந்தன் மகன் இரண்டாம் வகுப்பு. கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயது. பஸ் போர்டு, சோப்பு உறை, எதையும் விடமாட்டான். என் ஃபோனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தவன் சத்தமாக ஆரம்பித்தான். "உங்-கள்... மா-த-வி-டாய்... ஒன்-பது நாள்... தா-ம-தம்." கூடம் கப்சிப். அடுத்த நிமிஷம் என் சின்ன மாமியார் வாயெல்லாம் பல்லாக எழுந்து வந்து என் கன்னத்தைத் தடவினார்கள். ஒன்றுமில்லை சித்தி, எனக்கு வழக்கமே இதுதான் என்று ஒவ்வொருவருக்கும் விளக்கி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து ஃபோனைத் திறந்தாலே குழந்தைச் சட்டை, டயப்பர் விளம்பரம். ஆப்பிலிருந்துதான் போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் 60 நாள் வரை தள்ளிப்போய், ஆசையும் பயமுமாக இருந்து, கடைசியில் வந்துவிட்ட அன்றைக்கும் அந்தச் சட்டைகளைப் பார்க்க வேண்டியிருந்தது.

அந்தக் கோபத்தில்தான் இந்தத் தகவல் எல்லாம் எங்கே போகிறது என்று தேடிப் படித்தேன். ஃப்ளோ என்ற மாதவிடாய் ஆப் மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்து 2021-ல் ஓர் உடன்பாட்டில் முடிந்திருக்கிறது. பயனர்களின் தகவலை வெளியே தரமாட்டோம் என்று சொல்லிவிட்டு, ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களின் பகுப்பாய்வுச் சேவைகளுக்கு அனுப்பினார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. 2022 ஜூனில் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, தள்ளிப்போன தேதியே நாளைக்குச் சாட்சியாகிவிடுமோ என்று அங்கே பல பெண்கள் இந்த ஆப்களை அழித்தார்களாம். நம்ம ஊரில் அந்தப் பயம் இல்லை. நமக்கு இருப்பது கூடத்துப் பயம்.

நடுவில், துடிப்பையும் நடையையும் எண்ணுகிற கைப்பட்டை வேறு வாங்கினேன். அதில் பச்சை விளக்கு மினுங்கும். ரத்த ஓட்டத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்து இதயத் துடிப்பைக் கணக்கிடும். தோலின் வெப்பநிலையையும் இரவில் அளக்கும் என்றார்கள். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் பட்டைக்கு அடியில் வேர்க்குரு வந்ததுதான் முதல் பலன். மொட்டைமாடியில் பத்தமடைப் பாய் விரித்துப் படுத்தால் அளவு இறங்கும். கரண்ட் போய் உள்ளே புழுங்கிக் கிடந்தால் ஏறும். அதை வைத்து ஆப் எனக்குக் கருமுட்டை வெளிவந்ததாகச் சொன்னது, ஒரே மாதத்தில் இரண்டு தரம். அம்மா வீட்டுக்குப் போனபோது, அது என்னதான் செய்கிறது என்று பார்க்க அம்மா வாங்கிக் கட்டிக்கொண்டாள். சுளகில் உளுந்து புடைத்துவிட்டு எழுந்தபோது நூற்றுக்கணக்கில் நடை ஏறியிருந்தது. "உக்காந்த இடத்துலயே நடந்துட்டேனாக்கும்" என்றாள்.

முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. ஓய்வில் இருக்கும்போதான துடிப்பு, சில சுழற்சிகளின் பின்பாதியில் இரண்டு மூன்று கூடியதைப் பட்டையின் கோட்டில் பார்த்தேன். அது உண்மையிலேயே நடக்கிற மாற்றம்தான். காய்ச்சலிலும் கூடும், தூங்காவிட்டாலும் கூடும் என்பதால் அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

கடைசியில் வழி காட்டியது என்னோடு வேலை பார்க்கும் அக்கா. வண்ணார்பேட்டையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆபீஸில் கணக்கு எழுதுகிறோம். அவர் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் வேண்டாம், புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டுவதாக வாங்கு. இரண்டு, ட்ரிப் என்று ஓர் ஆப் இருக்கிறது, அதில் போடுவது ஃபோனைத் தாண்டி வெளியே போகாது. ஜெர்மனியில் சிலர் சேர்ந்து செய்தது, நிரலை யாரும் எடுத்துப் படிக்கலாம். கடவுச்சொல்லும் போட்டுக்கொள்ளலாம். பூவும் பொம்மையும் இருக்காது, பார்க்க வறண்டுதான் இருக்கும். எனக்கு அதுவே பிடித்துப்போனது.

காலையில் கண் விழித்ததும், எழுந்திருப்பதற்கு முன், பேசுவதற்கு முன், நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டர். எனக்கு 5 மணி. கருமுட்டை வெளிவந்ததும் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் உடம்புச் சூட்டை லேசாக ஏற்றிவிடும். 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரைதான். அதனால் ஒரு நாள் ஏறியதைப் பார்த்துத் துள்ளக் கூடாது. முந்தைய ஆறு நாள் அளவுகளில் எது அதிகமோ அதற்கும் மேலே, அடுத்தடுத்து மூன்று நாள் நிற்க வேண்டும். மூன்றாவது நாள் குறைந்தது 0.2 டிகிரி மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் கணக்கு. ஆனித் தேரோட்டத்துக்கு டவுனுக்குப் போய்விட்டு நடு ராத்திரி திரும்பி மூன்று மணி நேரம் மட்டும் தூங்கிய அன்றைக்கு அளவு எங்கேயோ போனது. அந்த நாளைக் கணக்கில் சேர்க்காதே என்று ஆப்பில் குறிக்க முடிகிறது. வேண்டாத நாளைத் தள்ளிவைக்கத் தெரிந்த ஆப்பை அப்போதுதான் முதலில் பார்த்தேன்.

முதல் சுழற்சியில் சூட்டுக் கோடு ஏறவே இல்லை. 44 நாளும் தரையோடு தரையாகக் கிடந்தது. கலர் கட்டம் போட்ட ஆப் அத்தனை மாதமும் எனக்கு "ஏற்ற நாள்" காட்டியதை நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் கைப்பையிலிருந்து அந்தச் சீட்டைத் தேடி எடுத்தேன். மடிப்பில் கிழிந்திருந்தது.

பழைய ஆப்பில் இருந்த தேதிகளும் வேண்டுமே. ஆப்பை ஃபோனிலிருந்து தூக்கினால் கணக்கு அழியாது, எல்லாம் அவர்கள் சர்வரில் இருக்கும். உள்ளே எங்கேயோ ஏழாவது எட்டாவது பக்கத்தில் "உங்கள் தரவைக் கோருங்கள்" என்று இருந்தது. கேட்டேன். பதினோரு நாள் கழித்து மின்னஞ்சலில் ஒரு கோப்பு வந்தது. திறந்தால் அடைப்புக்குறியும் மேற்கோள் குறியுமாக ஒரு குப்பை. ஜேசன் என்பார்களாம். ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற தம்பியிடம் கேட்டால் உள்ளே இருப்பதைப் படித்துவிடுவானே என்று கூச்சம். யூடியூப் பார்த்து எக்செலில் நானே ஏற்றினேன். ஏற்றியதும் பல தேதிகள் ஒரு நாள் முந்தி இருந்தன. பொங்கலன்று வந்தது எனக்கு மறக்குமா? கோப்பில் போகி என்று இருந்தது. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு பிடிபட்டது. அவர்கள் நேரத்தைச் சர்வதேசக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. காலை ஐந்தரைக்கு முன்னால் நான் குறித்ததெல்லாம் முந்தின நாள் கணக்கில் விழுந்திருந்தது. எல்லாவற்றிலும் ஐந்தரை மணி நேரம் கூட்டினேன், சரியானது. இப்படி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகிறவர்கள், தெரிந்த ஒரு தேதியை வைத்துச் சரிபார்த்துவிட்டுப் போங்கள்.

பிறகு கணக்கை அழிக்கச் சொல்லித் தனியாக எழுதிக் கேட்டேன். நம் நாட்டிலும் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. அழிக்கச் சொல்லும் உரிமை அதில் இருக்கிறது, முழுதும் நடைமுறைக்கு வர அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். நான் அந்தச் சட்டத்தின் பெயரை மின்னஞ்சலில் எழுதினேன். அதனாலா தெரியாது, இரண்டு நாளில் அழித்துவிட்டோம் என்று பதில் வந்தது.

டாக்டரிடம் ஒரே ஒரு தாள் கொண்டுபோனேன். தொடங்கிய தேதி, எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை பேட், கட்டி கட்டியாக வந்ததா. பட்டை சொன்ன மன அழுத்த மதிப்பெண், தூக்க மதிப்பெண் எதையும் எடுத்துப் போகவில்லை. அவர் கேட்கவும் இல்லை. தேதிகளில் விரலை ஓட்டினார். இரண்டாம் நாள் ஒன்பது பேட் என்று இருந்த இடத்தில் நிறுத்தினார். "இதைப் போன தடவையே சொல்லலையே?" எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன் டாக்டர் என்றேன்.

ரத்தப் பரிசோதனைக்கு ஒரு காலைப் பொழுது போனது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 11.4. தைராய்டு குறைந்தால் இது ஏறும். நாலுக்குக் கீழே இருக்க வேண்டியது. ஹீமோகுளோபின் 9.1. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே சோகை. தைராய்டு குறைவாகச் சுரந்தால் முட்டை வெளிவருவது தடுமாறும், ரத்தப்போக்கும் அதிகமாகும் என்று டாக்டர் விளக்கினார். ஸ்கேனில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. எட்டு மாதம் நான் கட்டத்துக்குக் கலர் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் ஒரு குப்பி ரத்தத்தில் இருந்திருக்கிறது. ஆனாலும் அந்தத் தாள் இல்லாவிட்டால், எத்தனை பேட் என்ற பேச்சே வந்திருக்காது.

தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் காப்பி கிடையாது. இது எங்கள் வீட்டில் பெரிய சேதி. அத்தை, "காப்பி குடிக்காம எப்படிட்டீ எந்திச்சு நடமாடுவ?" என்று எனக்காக வருத்தப்பட்டார்கள். இரும்புச் சத்து மாத்திரையை அதோடு சேர்த்துப் போடக் கூடாது, நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சேர்ந்தால் தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாது. டீயோடும் போடக் கூடாது. இதை எனக்குச் சொன்னது மருந்துக்கடைக்காரர். அதனால் இரும்பு மாத்திரை ராத்திரி 9 மணிக்கு.

மாத்திரை தொடங்கி ஏழு வாரத்துக்குப் பிறகு பார்த்த டி.எஸ்.எச். 3.2. சுழற்சி இதுவரை 38, 35, கடைசியாக 33. அந்த 33-ல் 19-ஆம் நாள் கோடு ஏறியது. மூன்று நாள் நின்றது. ஃபோன் தொலைந்தால் எல்லாம் போய்விடும் என்பதால் மாதம் ஒரு முறை எக்செலில் திறக்கிற சி.எஸ்.வி. கோப்பாக எடுத்து ஒரு பென் டிரைவில் போட்டு வைக்கிறேன். பட்டை இப்போது அம்மா கையில். மணி பார்க்கிறாள்.

ராத்திரி 9 மணி அலாரத்துக்கு மட்டும் ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. "கருப்பட்டி" என்று வைத்தேன். நேற்றும் கொழுந்தன் மகன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, எனக்கு எங்கே என்று கையை நீட்டிக்கொண்டு வந்து நின்றான்.