டைம்கோட் டெக்: ஆப்சல்யூட்டில் தொடங்குங்கள், ரிலேட்டிவில் ஓட்டுங்கள்

கணினிப் பாட்டை ஆட்டுவிக்க டிஜேக்கள் பயன்படுத்தும் டைம்கோட் தட்டை டர்ன்டேபிளில் போட்டு, கணினியில் இருக்கும் பாட்டு அதோடு சேர்ந்து ஓட ஆரம்பித்ததும் பலர் மோடு பட்டன் பக்கமே போவதில்லை. சாஃப்ட்வேர் எந்த மோடில் திறந்ததோ, இரவு முழுக்க அதே மோடுதான். மேடைக்குப் பக்கத்தில் நாலு பேர் சேர்ந்து குதித்து முள் துள்ளும்போதுதான் அந்தப் பட்டன் எதற்கு என்பது தெரியவரும்.

தட்டு பாட்டை எப்படி ஆட்டுவிக்க வேண்டும் என்று சொல்வதுதான் மோடு. டிஜே சாஃப்ட்வேரான செராட்டோவில் மூன்று மோடு: தட்டில் முள் நிற்கும் இடத்துக்கே பாட்டையும் கொண்டுபோகும் ஆப்சல்யூட், தட்டின் வேகத்தையும் திசையையும் மட்டும் பின்பற்றும் ரிலேட்டிவ், தட்டைக் கவனிக்காமல் தானே ஓடும் இன்டர்னல். பெயரில் மூன்று எக்ஸ் வரும் இலவச மென்பொருளான மிக்ஸில் மூன்றாவதன் பெயர் கான்ஸ்டன்ட். அது கடைசியாக நிலையாக இருந்த வேகத்தை அப்படியே பிடித்துக்கொண்டு ஓடும். ட்ராக்டர் என்ற இன்னொரு டிஜே சாஃப்ட்வேரில் முதலில் இன்டர்னலா ஸ்க்ராட்ச் கன்ட்ரோலா என்று தேர்ந்தெடுக்க வேண்டும்; ஸ்க்ராட்ச் கன்ட்ரோலுக்குள்தான் ஆப்சல்யூட்டும் ரிலேட்டிவும் வரும். நிஜப் பாட்டுத் தட்டை அப்படியே வெளியே அனுப்பும் த்ரூ வேறு சங்கதி, அதை இங்கே விட்டுவிடலாம்.

தட்டில் பதிந்திருப்பது பாட்டு அல்ல, ஒரே ஸ்வரத்தில் நீளும் கீச்சொலி. செராட்டோ தட்டில் அது 1000 ஹெர்ட்ஸ். இடது, வலது சேனல்களில் அதே அலை 90 டிகிரி தள்ளித் தள்ளி வரும். அலையின் வேகம் தட்டின் வேகத்தைச் சொல்லும். எந்தச் சேனல் முந்துகிறது என்பது முன்னோக்கியா பின்னோக்கியா என்று சொல்லும். ரிலேட்டிவுக்கு இந்த இரண்டு தகவலே போதும். ஆப்சல்யூட்டுக்கு மூன்றாவது ஒன்றும் வேண்டும்: முள் இப்போது தட்டில் எங்கே நிற்கிறது? இதை அலையின் உயரத்தைக் கூட்டிக் குறைத்து, ஒரு அலைக்கு ஒரு பிட் என்று பதிந்திருக்கிறார்கள். திறந்த மூல மென்பொருளான எக்ஸ்வாக்ஸ் செராட்டோ தட்டில் இடத்தைக் கண்டுபிடிக்க 20 பிட் எடுத்துக்கொள்கிறது. அதாவது தட்டு சாதாரண வேகத்தில் ஓடும்போது 20 மில்லி விநாடி. அந்த வரிசையில் ஒரு தூசி புகுந்தாலும் இடக்கணக்கு தவறிவிடும். வேகக்கணக்கோ அவ்வளவு சுலபத்தில் தவறாது.

இதிலிருந்தே ஒரு சோதனை கிடைக்கிறது. ஆப்சல்யூட்டில் பாட்டு விட்டுவிட்டுக் குதித்து, ரிலேட்டிவுக்கு மாற்றியதும் ஒழுங்காக ஓடினால், தட்டு அழுக்காகவோ தேய்ந்தோ இருக்கிறது, அல்லது முள்ளில் பஞ்சு சேர்ந்திருக்கிறது. இரண்டிலும் கோளாறு என்றால் முள் பொருத்தியிருக்கும் கார்ட்ரிட்ஜையும் வயரையும் பாருங்கள். பாட்டு தலைகீழாக ஓடினால் ஆர்சிஏ வயரில் இடது வலது மாறியிருக்கும். ஒரு சேனல் வரவேயில்லை என்றால் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல்லைக் கழற்றி நான்கு தொடுமுனைகளையும் துடைத்து மறுபடி மாட்டுங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். தட்டிலிருந்து வரும் சிக்னலைப் படமாகக் காட்டும் சாஃப்ட்வேரின் ஸ்கோப்பில் தெரியும் வளையம் நல்ல வட்டமாக இருக்க வேண்டும். நசுங்கிய முட்டை போல இருந்தால் ஒரு சேனலின் சத்தம் குறைவு.

முள் துள்ளும் கணக்கு இன்னும் சுவாரஸ்யமானது. 33⅓ வேகத்தில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி ஆகும். முள் ஒரு வரி, அதாவது தட்டுப் பள்ளத்தின் ஒரு சுற்று, தாண்டினால், ஆப்சல்யூட்டில் பாட்டும் சரியாக 1.8 விநாடி முன்னாலோ பின்னாலோ போய்விடும். 125 பிபிஎம் (நிமிடத்துக்கு 125 பீட்) பாட்டில் அது 3.75 பீட். இரண்டு பாட்டைச் சேர்த்து ஓட்டும் கலவை அந்த இடத்திலேயே உடைந்து, கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். 100 பிபிஎம்மில் அது சரியாக 3 பீட். தாளம் ஒட்டினாற்போலவே கேட்கும், ஆனால் நாலு பீட் சுற்றில் ஒன்றாவது விழ வேண்டிய இடத்தில் நாலாவதோ இரண்டாவதோ விழும். இதுதான் மோசம், என்ன தப்பு என்று பிடிபடவே நேரமாகும். ரிலேட்டிவில் இதே துள்ளல் நடந்தால் கண நேரம் நடுங்கிவிட்டுப் பாட்டு விட்ட இடத்திலிருந்தே தொடரும். ஆட்டம் போடும் தரையில் ரிலேட்டிவ்தான் என்று சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

அப்படியென்றால் ஆப்சல்யூட் எதற்கு? முள்ளைத் தூக்கிப் பாட்டின் நடுவில் வைக்கிற பழைய பழக்கத்துக்கு அதுதான் வேண்டும். தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து ஸ்க்ராட்ச் செய்கிறவர்களும் அதை விடமாட்டார்கள். தட்டில் ஒட்டிய ஸ்டிக்கர் பன்னிரண்டு மணியைத் தொடும்போது கிக் டிரம் அடி விழும் என்றால் ஒவ்வொரு தடவையும் அங்கேயே விழும். ரிலேட்டிவில் ஹாட் க்யூவுக்கு, அதாவது பாட்டில் முன்பே குறித்துவைத்த இடத்துக்கு, தாவிய மறுகணம் ஸ்டிக்கரின் அந்தக் கணக்கு போய்விடும். செராட்டோவில் ஆப்சல்யூட்டில் இருந்தபடி க்யூவை அழுத்தினால் அதுவே ரிலேட்டிவுக்கு மாறிக்கொள்ளும். மோடு தானாக மாறிவிட்டதே என்று குழம்ப வேண்டாம், அது கோளாறு அல்ல.

ரிலேட்டிவுக்கு என்று ஒரு தொல்லை உண்டு: தட்டு தீர்ந்துபோவது. செராட்டோவின் 12 அங்குலத் தட்டில் ஏ பக்கம் 10 நிமிடம், பி பக்கம் 15 நிமிடம். மூன்று பாட்டு ஓட்டியும் முள்ளைப் பின்னால் கொண்டுவராமல் விட்டால் ஏ பக்கம் முடிந்துவிடும். அப்போது செராட்டோ இன்டர்னலுக்கும் மிக்ஸ் கான்ஸ்டன்ட்டுக்கும் தாமாகவே மாறிப் பாட்டைக் காப்பாற்றும். ஆனால் அதன் பிறகு நீங்கள் தட்டை எவ்வளவு இழுத்தாலும் பாட்டு அசையாது. பாட்டு ஓடும்போதே முள்ளை நகர்த்த வேண்டுமென்றால் முதலில் இன்டர்னல், பிறகு முள்ளைத் தூக்கி வெளிவரிப் பக்கம் வைப்பது, ஸ்கோப்பில் வட்டம் தெரிகிறதா என்று பார்ப்பது, கடைசியில் ரிலேட்டிவ். முள்ளை முதலில் தூக்கினால் பாட்டு நின்றுவிடும்.

இதில் இரண்டு பொறி உண்டு. ட்ராக்டரில் முள்ளைத் தட்டின் தொடக்கத்தில் இருக்கும் லீட்-இன் பகுதியில் வைத்தால், அமைப்பைப் பொறுத்து அது ஆப்சல்யூட்டுக்கு மாறிப் பாட்டை முதலிலிருந்து தொடங்கிவிடும். ஆகவே நாலைந்து வரி உள்ளே தள்ளி வையுங்கள். மிக்ஸில் ரிலேட்டிவுக்கான க்யூ அமைப்பு ஒன் க்யூ அல்லது ஹாட் க்யூ என்று இருந்தால் முள் விழுந்ததும் பாட்டு க்யூவுக்கு ஓடிவிடும். நடுவில் முள்ளை நகர்த்துகிறவர்கள் அதை ஆஃபில் வைப்பது நல்லது.

இன்டர்னலிலிருந்து திரும்பி வரும்போது பிட்ச்சை, அதாவது பாட்டு ஓடும் வேகத்தை, கவனியுங்கள். திரையில் +3 சதவீதத்தில் ஓடுகிறது, டர்ன்டேபிளின் பிட்ச் ஸ்லைடர் பூஜ்ஜியத்தில் கிடக்கிறது என்றால், ரிலேட்டிவை அழுத்திய நொடியில் 128 பிபிஎம் 124 ஆகிவிடும். ஸ்லைடரை முதலில் +3க்குக் கொண்டுபோய், ஹெட்போனில் கேட்டபடி மாற்றுங்கள். பழைய ஸ்லைடரின் கோடுகளை அப்படியே நம்ப முடியாது. விரலால் லேசாகத் தள்ளிச் சரிசெய்ய ஒரு கை தயாராக இருக்கட்டும். இன்டர்னலிலிருந்து ஆப்சல்யூட்டுக்கு மட்டும் பாட்டு ஸ்பீக்கரில் ஓடும்போது மாறவே கூடாது. முள் எங்கே நிற்கிறதோ அங்கே பாட்டு தாவிவிடும்.

மோடுக்குச் சம்பந்தமே இல்லாமல் மோடின் தலையில் விழும் பழி ஒன்று உண்டு. தட்டு நிற்கிறது, பாட்டு மட்டும் மெல்ல ஊர்கிறது. ஸ்பீக்கரின் அதிர்வு முள் வழியாகவோ, எர்த் சரியில்லாத இரைச்சல் வயர் வழியாகவோ உள்ளே போகிறது என்று அர்த்தம். எர்த் வயரை இறுக்குங்கள். டர்ன்டேபிளைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில் ஃபோனோ, லைன் சுவிட்ச் இருந்தால் டர்ன்டேபிளுக்கு ஃபோனோவில் வையுங்கள். பிறகு நிற்கும் தட்டில் முள்ளை வைத்து, நிகழ்ச்சியில் இருக்கப்போகும் அதே சத்தத்தில் வேறொரு பாட்டை ஓடவிட்டு, எவ்வளவு இரைச்சலைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்று அளக்கும் செராட்டோவின் எஸ்டிமேட் பட்டனை அழுத்துங்கள். மதியம் காலியான ஹாலில் சத்தத்தைக் குறைத்துவைத்துச் செய்த எஸ்டிமேட் இரவில் உதவாது.