ஒரு செனட் இடமும் இருமுறை மாறிய சட்டமும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2010 ஜனவரி 19 அன்று நடந்த, செனட் என்ற நாடாளுமன்ற மேலவைக்கான இடைத்தேர்தலைப் பற்றி மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். 1962 முதல் ஜனநாயகக் கட்சியின் டெட் கென்னடியிடம் இருந்த இடம். 2009 ஆகஸ்ட்டில் அவர் மறைந்ததும் காலியானது. ஜனநாயகக் கட்சியின் கோட்டை என்றார்கள். ஜெயித்தவர் குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன். செனட்டில் எதிர்க்கட்சியின் முட்டுக்கட்டைகளை உடைக்க ஜனநாயகக் கட்சிக்குத் தேவையான 60 வாக்குகளில் ஒன்று அன்று போனது.

என்னை உறுத்துவது வேறு விஷயம். 2004இல் அதே மாநிலத்தின் இன்னொரு செனட்டரான, ஜனநாயகக் கட்சியின் ஜான் கெர்ரி அதிபராகிவிட்டால், அவருடைய செனட் இடத்துக்குக் குடியரசுக் கட்சி ஆளுநர் மிட் ராம்னி தன் ஆளை நியமித்துவிடுவாரே என்று, அந்த நியமன அதிகாரத்தையே ஜனநாயகக் கட்சியின் கையிலிருந்த மாநிலச் சட்டமன்றம் பறித்தது. அப்புறம் 2009இல் ஆளுநர் ஜனநாயகக் கட்சிக்காரர். உடனே, தேர்தல் வரைக்கும் ஒருவரை நியமிக்கலாம் என்று அதே அதிகாரம் திரும்பி வந்தது.

சரி, மாநிலத்தின் குரல் சில மாதம் இல்லாமல் போகக் கூடாதுதான். அதற்காக, ஆளுநர் எந்தக் கட்சி என்று பார்த்தா விதியை மாற்றுவது? இது எனக்கு நியாயமாகவே படவில்லை. செனட்டரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சட்டமன்றங்களிடமிருந்து வாங்கி மக்களிடம் கொடுத்தது அமெரிக்க அரசியலமைப்பின் 1913ஆம் ஆண்டு 17ஆவது திருத்தம். அந்த ஜனவரிக் குளிரில் 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த உரிமையைப் பயன்படுத்தி வாக்களித்தார்கள்.