சார்ட்ட முதல் கையால கீறிப் பாருங்க

களுவாஞ்சிகுடில இருந்துகொண்டு ட்ரேடிங் படிக்கிறதெண்டா யூடியூப்தான் வாத்தியார். நானும் அப்பிடித்தான் தொடங்கினன், மூணு மாசம் வீடியோ பாத்தும் விலை சார்ட்டில ஒரு நாளுக்கு ஒண்டா வாற பெட்டி, அதுதான் கேண்டில், அதக் காட்டி இதுல ஓப்பன் (தொடங்கின விலை) எது க்ளோஸ் (முடிஞ்ச விலை) எது எண்டு கேட்டா முழிப்பன்.

ஒருநாள் படுவான்கரையில வேளாம செய்ற எங்கட மாமா வந்து நெல்லு வித்த கதைய சொல்லிப் புறுபுறுத்தாரு. "காலையில கிலோ 100க்குக் கேட்டானுகள், பொறகு 118 வரைக்கும் போச்சு, மழ இருண்டோன 95க்கு விழுந்திட்டு, கடைசில 112க்குத்தான்டா மருமகன் குடுத்த". அப்பதான் மண்டையில விளங்கிச்சு, இந்த நாலு விலையும்தான் ஒரு கேண்டில். வரைபுத்தாள எடுத்து 100ல இருந்து 112 வரைக்கும் ஒரு பெட்டி கீறி, விலை ஏறி முடிஞ்சதால பச்சை அடிச்சன் (இறங்கி முடிஞ்சா சிவப்பு), மேல 118க்கு ஒரு திரி, கீழ 95க்கு ஒரு திரி. அதே நாலையும் பார் சார்ட்டில 95ல இருந்து 118 வரைக்கும் நிமிர்ந்த கோடு ஒண்டு கீறி, இடப்பக்கம் 100ல ஒரு சின்னக் கோடு, வலப்பக்கம் 112ல ஒரு சின்னக் கோடு போட்டா முடிஞ்சுது. லைன் சார்ட்டில 112 மட்டும்தான் ஒரு புள்ளியா வரும், மாமா பட்ட பாடு ஒண்டும் அதுல தெரியாது. ஆனா கேண்டிலும் எல்லாத்தையும் சொல்றதில்ல, 118 முதல் வந்ததா 95 முதல் வந்ததா எண்டு அதப் பாத்துச் சொல்ல ஏலாது, அதுக்கு ஒரு மணித்தியால சார்ட், பதினஞ்சு நிமிச சார்ட் எண்டு இறங்கித்தான் பாக்கணும்.

(இந்தக் கேண்டில உண்டாக்கினவர் எண்டு 18ஆம் நூற்றாண்டில ஜப்பான்ல அரிசி வியாபாரம் செய்த ஹொம்மா முனெஹிசாட பேரத்தான் சொல்லுவாங்க. மாமாட்ட சொன்னன், "அப்ப நானும் கெட்டிக்காரன்தான்" எண்டாரு.)

நான் நல்லா அடி வாங்கினது ஹெய்கின் ஆஷி எண்ட இன்னொரு வகை சார்ட்டில. பாக்க கேண்டில் மாதிரியே இருக்கும், பச்சை வந்தா வரிசையா பச்சை, வடிவா இருக்கும். அதுல க்ளோஸ் எண்டு காட்டுறது கடைசி விலை இல்ல, நாலு விலையிட சராசரி. நான் பாத்த பங்கு 40ல தொடங்கி 44ல முடிஞ்சிருக்கு, கீழ 40 மேல 44, அப்ப சராசரி 42. ராவு சார்ட்டப் பாத்திட்டு விலை 42 எண்டு நினைச்சு அடுத்த நாள் 42க்கு வாங்க ஓர்டர் போட்டன், பின்நேரம் 2.30க்கு மார்க்கெட் மூடுமட்டும் ஒண்டும் நடக்கல்ல. ப்ரோக்கருக்கு எடுத்தா, "தம்பி, நேத்து முடிஞ்சதே 44 தானே, எங்கயிருந்து 42 எடுத்தீங்க" எண்டு கேக்கிறாரு. ட்ரெண்ட் எந்தப் பக்கம் போகுது எண்டு பாக்க அது நல்லம்தான், ஓர்டர் போட மட்டும் சாதாரண கேண்டிலுக்கு மாத்திடுங்க.

ரென்கோ எண்டும் ஒரு சார்ட் இருக்கு, செங்கல்லு அடுக்கின மாதிரி, அதுல நேரக் கணக்கே இல்ல. செங்கல்லு 2 ரூபா எண்டு வச்சா விலை 2 ரூபா நகந்தாத்தான் அடுத்த கல்லு, ஒரு கிழமை சும்மா கிடந்தா ஒண்டும் வராது. தொடக்கத்தில இது தேவையில்ல எண்டுதான் நான் சொல்லுவன்.

கொழும்பு பங்குச் சந்தையில சில பங்கு நாளைக்கு ரெண்டு மூணு தரம்தான் கைமாறும், அதுட கேண்டில் வெறும் கோடாத்தான் இருக்கும், அதுல ஹேமர், டோஜி எண்டு பேர் வச்ச கேண்டில் வடிவங்களத் தேடி கண்ணக் கெடுக்காதீங்க, லைன் சார்ட்டே போதும். இன்னொண்டு, கீழ இருக்கிற திகதியையும் பாருங்க. 2022 ஏப்ரல் 18ல இருந்து அஞ்சு வேலை நாள் சந்தைய மூடி வச்சிருந்தாங்க, வருசப்பொறப்பு லீவும் அதுக்கு முன்னால, ஆனா சார்ட்டில அந்த ரெண்டு பக்கத்துக் கேண்டிலும் நேத்தும் இண்டைக்கும் மாதிரி ஒட்டித்தான் நிக்கும்.

ஒரு பங்கிட கடைசி 20 நாள் விலைய எடுங்க, ஒரு வரைபுத்தாள், பச்சைப் பேனை, சிவப்புப் பேனை. லைன், பார், கேண்டில் மூண்டையும் ஒண்டுக்குக் கீழ ஒண்டா கீறுங்க, எனக்கு ரெண்டு பின்நேரம் எடுத்த.