பத்து விழுக்காட்டு முழங்கால்

தமிழ் தெரியும் என்ற தகுதிதான் என்னை அமெரிக்க ராணுவத்துக்குள் கொண்டுபோனது. மாணவர் விசாவில் இருந்த நான், தேவையான மொழிகளை அறிந்த வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டத்தின் வழியாக 2013-இல் சேர்ந்தேன். அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. சில ஆண்டுகள் கழித்து, முதுகுச் சுமையோடு நடந்த பயிற்சி ஒன்றில் வலது முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின்னும் படியிறங்கும்போது கால் நழுவியதால், மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் பிரேஸ் அணிந்தே நடக்கும்படி எலும்பு மருத்துவர் எழுதிக்கொடுத்தார்.

பணியிலிருந்து விலகி 2022-இல் முன்னாள் படைவீரர் நலத்துறையிடம் ஊன இழப்பீட்டுக்கு விண்ணப்பித்தேன். கிடைத்த ஊன மதிப்பீடு 10 விழுக்காடு. முடிவுக் கடிதத்தை முதல் நாள் கோபத்தோடு படித்தேன்; ஒரு வாரம் கழித்துப் பென்சிலோடு படித்தேன். இரண்டாவது வாசிப்பில்தான் விஷயம் புரிந்தது. அந்த 10 விழுக்காடு, வலியோடு அசையும் மூட்டுக்கு விதிப்படி தரவேண்டிய குறைந்தபட்ச அளவு. முழங்கால் 45 பாகைக்கு மேல் மடங்காவிட்டால் 10, 30 பாகைக்கு மேல் மடங்காவிட்டால் 20 என்பது அட்டவணை. பரிசோதனை அன்று என் கால் 110 பாகை வரை மடங்கியது; அன்று எனக்கு நல்ல நாள். வலி முற்றும் நாட்களில் எவ்வளவு மடங்கும் என்ற இடத்தில், ஒப்பந்த மருத்துவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காமல், ஊகிக்காமல் சொல்ல இயலாது என்று ஒரே வரியில் முடித்திருந்தார். அப்படி ஒதுங்குவது போதாது, படைவீரர் சொல்வது உட்படக் கிடைக்கும் தகவல்களைக் கொண்டு மதிப்பிட முயல வேண்டும் என்று 2017-இல் ஷார்ப் வழக்கில் முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியிருக்கிறது. கால் நழுவுவதைப் பற்றியோ பிரேஸைப் பற்றியோ அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஓராண்டுக்குள் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். புதிய சான்று இருந்தால் 20-0995 படிவம். இருக்கும் கோப்பையே மூத்த அதிகாரி மறுபடி பார்க்க வேண்டுமென்றால் 20-0996. மூன்றாவது, மேல்முறையீட்டு வாரியம். இரவில் வலி வரும்போது நான் கட்டிலிலிருந்து எழ முடியாமல் கிடப்பதை என் மனைவி ஒரு கடிதமாக எழுதியிருந்தாள். அதைச் சேர்க்க எனக்கு ஆசை. கட்டணமின்றி உதவிய படைவீரர் சங்கப் பிரதிநிதி தடுத்தார். பிரேஸ் சீட்டு ஏற்கெனவே கோப்பில் இருக்கிறது, தவறும் கோப்புக்குள்ளேயே தெரிகிறது, எனவே கடிதத்தை இப்போது நீட்ட வேண்டாம் என்றார். அவர் சொன்னபடி 20-0996 அனுப்பி, தொலைபேசி உரையாடலும் கோரினேன்.

அந்த உரையாடலில் பக்க எண்களோடு இரண்டே குறைகளைச் சொன்னேன். வலியைப் பற்றிப் புலம்பாமல் இருப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. சான்று திரட்டும் கடமையில் பிழை நேர்ந்திருக்கிறது என்று ஏற்று, மறுபரிசோதனைக்கு அனுப்பினார்கள். மனைவியின் கடிதம் அப்போதுதான் கோப்பில் ஏறியது.

இம்முறை வந்த மருத்துவர் கோணமானி வைத்து, நின்றும் படுத்தும், நானாக மடக்கியும் அவர் மடக்கியும், நலமான இடது முழங்காலையும் சேர்த்து அளந்தார். கெண்டைக்காலைப் பிடித்து முன்னால் இழுத்தும் பார்த்தார். மடக்கும் அளவுக்கு 20 கிடைக்குமென்று நம்பியிருந்தேன். அது 10-இலேயே நின்றது. மூட்டு நிலைகொள்ளாமைக்கு, பிரேஸ் சீட்டின் பலத்தில், தனியாக 20 கிடைத்தது. இங்கே 20-உம் 10-உம் நேரடியாகக் கூட்டப்படுவதில்லை: நூறில் 20 போக மிஞ்சும் 80-இல் 10 விழுக்காடு 8, ஆக 28, அதைப் பத்துக்கு முழுமையாக்கினால் 30. பள்ளிக் கணக்கு வாத்தியார் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஓராண்டுக்குள் முறையிட்டதால், முதல் விண்ணப்ப நாளிலிருந்தே நிலுவை வந்தது. 30 விழுக்காட்டை எட்டியவருக்கு மனைவி, பிள்ளைகளுக்கான கூடுதல் தொகையும் உண்டு. அதற்குரிய 21-686சி படிவத்தை, கடிதம் எழுதியவளே அன்று மாலை நிரப்பினாள்.