ஒரே கயிற்றில் கட்டிய காகிதங்கள்

ஆவணக் காப்பகத்தில் வேலை பழகும் முதுகலை மாணவர்கள் மாநாட்டில் பேசும்போது, என்ன கிடைத்தது என்பதைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். அரிய கடிதம், பழைய புகைப்படம், கைதட்டல். ஆனால் காப்பாளர்கள் கூடும் இடத்தில் நான் கேட்க விரும்புவது வேறு. எதை எந்த வரிசையில் வைத்தீர்கள், எதை மூடி வைத்தீர்கள், ஏன்?

இந்த வருடம் பெங்களூரில் எங்கள் மாணவி ஒருத்தி அதைத்தான் பேசினாள். கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்த ஒரு தமிழ்க் குடும்பம் கொடுத்த தகரப் பெட்டியை அவள் பட்டியலிட்டிருந்தாள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தோண்டத் தொடங்கிய வயல் அது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினார்கள். வட ஆர்க்காட்டிலிருந்து அங்கே போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள்.

பெட்டியில் சம்பளச் சீட்டு, சங்கத் துண்டறிக்கை, மருத்துவச் சீட்டு, கடன் பத்திரம் எல்லாம் கலந்து கிடந்தன. வகை பிரித்து அடுக்கத்தான் யாருக்கும் கை போகும். அவள் பிரிக்கவில்லை. ஒரு மருத்துவச் சீட்டும், அந்த மாதத்துக் குறைந்த சம்பளச் சீட்டும், வட்டிக்கு வாங்கிய பத்திரமும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தன. அந்த வீட்டில் யாரோ கணக்குத் தெரிந்துதான் கட்டியிருக்கிறார்கள். பிரித்துவிட்டால் உடம்பு, கூலி, கடன் மூன்றுக்கும் உள்ள தொடர்பு போய்விடும். முதலில் கட்டியபடியே படமெடுத்து எண் போட்டாள். அப்புறம்தான் துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்து, அமிலமில்லாத உறையில் அதே வரிசையில் வைத்தாள். இதற்கு ஒரே ஒரு ஸ்லைடு. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

கேள்வி நேரத்தில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் எழுந்தார். சிலிகோசிஸ் (கல்தூசியால் வரும் நுரையீரல் நோய்) வந்த தொழிலாளிகளின் சீட்டுகளை யாரும் பார்க்க முடியாதபடி மூடி வைத்தால் சுரங்க வரலாற்றை எப்படி எழுதுவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவள் தயங்காமல் சொன்னாள்: “சீட்டு இருக்கிறது, எந்த வருடம், என்ன நோய் என்பது பட்டியலில் இருக்கும். பெயர் இருக்காது. அவர்களின் பிள்ளைகள் இன்னும் அதே தெருவில் இருக்கிறார்கள்.”

டீ இடைவேளையில் அவரே தேடி வந்து தமிழில் பேசினார். “ஏம்மா, குடும்பத்துக்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்கினீங்களா?”

“வாங்கியிருக்கோம் சார்.”

“சரி, எத்தனை வருஷத்துக்கு மூடுறீங்கன்னு அதில போட்டிருக்கா? முடிவு தேதி இல்லாம மூடினா, நாளைக்கு வர்றவங்க திறக்கவே பயப்படுவாங்க.”

அவள் அங்கேயே குறித்துக்கொண்டாள். அவர் சொன்னது ரொம்பச் சரி. மறு ஆய்வுத் தேதி இல்லாத தடை ஆவணத்தைப் புதைத்துவிடும். பல பெட்டிகளைத் திறந்து பார்த்த ஒருவரிடமிருந்து ஒரு மாணவிக்கு இது நேரில் கிடைக்க வேண்டும். அதனால்தான் கட்டணமும் பயணச் செலவும் கொடுத்தாவது மாணவர்களை அனுப்பச் சொல்லித் துறையில் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். மாநாடு நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: மாணவர் அமர்வைக் கடைசி நாள் மதியத்தில் போடாதீர்கள். பெரியவர்களில் பாதிப் பேர் அதற்குள் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.